வெளிநாட்டு பாஸ்போர்ட்டுடன் இமயமலைக்கு: பெர்மிட் கேள்விகளும் பதில்களும்

சிக்கிம், லடாக், அருணாச்சல், அந்தமான் பயணம் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் எழுதியவை. மற்றவை, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அங்கே அழைத்துப் போக நினைக்கும் பெற்றோர் எழுதியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் மதுரையில் இருக்கிறோம். மகளும் மருமகனும் டொரன்டோவில், கனடா குடியுரிமையோடு. இருவரிடமும் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) உண்டு, ஆறு வயதுப் பேத்திக்கும் உண்டு. டிசம்பரில் ஐந்து பேரும் சிக்கிம் தலைநகர் கேங்டாக் போகிறோம். ஓ.சி.ஐ. இருந்தால் இந்தியர் மாதிரிதான், பெர்மிட் தேவையில்லை என்கிறார் மருமகன். சரிதானா?
– மதுரை வாசகர்

பதில்: சரியில்லை. ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களுக்கு இந்தியர்களுக்குச் சமமான சலுகைகள் பல உண்டு. உள்நாட்டு விமானக் கட்டணமும், தேசியப் பூங்கா, தொல்லியல் சின்னங்களின் நுழைவுக் கட்டணமும் அவர்களுக்கு நமக்குள்ளதே. ஆனால் தடைசெய்யப்பட்ட, பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் போக முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி அவர்களையும் சேர்த்துத்தான். பெர்மிட் விஷயத்தில் அவர்கள் வெளிநாட்டவரே. பேத்திக்கும் தனி பெர்மிட் வேண்டும். குழந்தைதானே என்று அம்மாவின் பெர்மிட்டிலேயே போய்விட முடியாது. உங்கள் இருவருக்கும் கேங்டாக் வரை எந்த பெர்மிட்டும் வேண்டாம்.

அவர்கள் மூவருக்கும் வேண்டியது ஆர்.ஏ.பி. எனப்படும் தடைசெய்யப்பட்ட பகுதி அனுமதி. இதற்குக் கட்டணம் கிடையாது, ஏஜென்சி வேண்டாம், இத்தனை பேர் சேர்ந்து வர வேண்டும் என்ற கணக்கும் இல்லை. மேற்கு வங்க எல்லையைத் தாண்டியதும் வரும் ரங்போ செக்போஸ்டிலேயே கொடுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், இந்தியாவுக்குள் நுழைந்தபோது முத்திரை குத்திய பக்கம், ஓ.சி.ஐ. அட்டை ஆகியவற்றின் ஜெராக்ஸ் இரண்டிரண்டு செட், பாஸ்போர்ட் அளவு புகைப்படம் இரண்டு. அசல்களும் கையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. ஜீப்பின் கூரைமேல் தார்ப்பாய் போட்டுக் கட்டிய பெட்டியை ரங்போவில் அவிழ்க்கச் சொன்னால் டிரைவர் முகம் மாறிவிடும். சிலிகுரியிலேயே வாங்கிக்கொள்ள நினைத்தால் ஹில் கார்ட் ரோட்டில் எஸ்.என்.டி. எனப்படும் சிக்கிம் அரசுப் பேருந்து நிலையத்தை ஒட்டிய சிக்கிம் சுற்றுலா அலுவலகத்தில் கிடைக்கும்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். சிக்கல் நம் முகத்தில்தான் இருக்கிறது. வெள்ளைக்காரர் ஒருவர் ஜீப்பில் இருந்தால் டிரைவரே ரங்போவில் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். உங்கள் மகள் புடவையிலோ சல்வாரிலோ உட்கார்ந்து உங்களோடு தமிழில் பேசிக்கொண்டு வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள், வண்டி நிற்காமல் போய்விடும். ராத்திரி கேங்டாக் விடுதியில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் பெர்மிட் எங்கே என்று கேட்பார்கள். அது இல்லாமல் அறை தரமாட்டார்கள். மறுபடி 40 கிலோமீட்டர் கீழே இறங்க வேண்டும். வெறும் அலைச்சலோடு முடிந்தால் அதிர்ஷ்டம். அனுமதியில்லாமல் உள்ளே இருப்பது சட்டப்படி குற்றம். 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் வந்த புதிய சட்டத்தில் இதற்கு 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது.

எனவே பாக்டோக்ரா விமான நிலையத்திலோ நியூ ஜல்பைகுரி ஸ்டேஷனிலோ வண்டி பேசும்போதே, "மூன்று பேர் வெளிநாட்டு பாஸ்போர்ட், ரங்போவில் நிறுத்த வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். வண்டி புறப்படும் முன் இன்னொரு முறையும் சொல்லுங்கள். பகலில் ரங்போவைத் தாண்டும்படி திட்டமிடுங்கள். பாக்டோக்ராவிலிருந்து கேங்டாக் 125 கிலோமீட்டர்தான், ஆனாலும் தீஸ்தா ஆற்றை ஒட்டிய அந்தச் சாலையில் நாலைந்து மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்குத் தரையிறங்கும் விமானத்தை எடுத்தால் அன்றிரவு சிலிகுரியில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புவதே நல்லது.

சிக்கிமை விட்டு வெளியேறும்போதும் அந்த பெர்மிட்டைச் செக்போஸ்டில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஊருக்குள் வந்தவர் வெளியேறியதற்குப் பதிவு இல்லை என்றால் அடுத்த முறை அனுமதி கேட்கும்போது கேள்வி வரும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் வசிக்கிறேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட், இ-விசா. ஏஜென்சியோ வழிகாட்டியோ இல்லாமல் தனியாகப் பத்து நாள் சிக்கிம் சுற்ற விருப்பம். ஆனால் இ-விசா பாதுகாக்கப்பட்ட, தடைசெய்யப்பட்ட பகுதிகளுக்குச் செல்லாது என்று விசா தளத்திலேயே போட்டிருக்கிறது. அப்படியானால் நான் போகவே முடியாதா?
– லண்டன் வாசகி

பதில்: போகலாம். அந்த வரி சொல்வது, விசா ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது என்பதுதான். விசா வேறு, பெர்மிட் வேறு. இ-விசாவில் வந்தவர்களுக்கும் ரங்போவில் ஆர்.ஏ.பி. கொடுக்கிறார்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள்: இ-விசா ஒப்புதல் கடிதத்தை அச்செடுத்து வையுங்கள், விமான நிலையத்தில் குத்திய முத்திரைப் பக்கத்தை இந்தியா வந்த பிறகு ஜெராக்ஸ் எடுங்கள். லண்டனிலேயே எல்லா நகலும் எடுத்து வந்துவிட்டேன் என்று நிற்பவர்களிடம் இந்தப் பக்கம் மட்டும் இருக்காது.

ஆர்.ஏ.பி. 30 நாள் வரை தருவார்கள், உங்கள் விசா முடியும் தேதியைத் தாண்டாமல். இன்னும் தங்க வேண்டுமானால் கேங்டாக்கில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் நீட்டிக்கக் கேட்கலாம். தேதி முடிந்த பிறகு போகாதீர்கள், இரண்டு நாள் மிச்சமிருக்கும்போதே போங்கள்.

தனியாகச் சுற்ற விரும்புகிறவர்களுக்கு எங்கள் யோசனை ஒன்றுதான். இந்த இலவசச் சீட்டு எங்கெல்லாம் செல்லுமோ அங்கேயே உங்கள் பத்து நாளையும் செலவிடுங்கள். எல்லோரும் வட சிக்கிம் வட சிக்கிம் என்று துடிக்கிறார்கள். தெற்கும் மேற்கும்தான் தனியாள் பயணத்துக்கு ஏற்ற இடம். கேங்டாக்கில் இரண்டு இரவு, ரும்தேக் மடாலயம் பார்த்துவிட்டு ராவங்லா. அங்கே ஒரு இரவு, பிறகு பெல்லிங். பெல்லிங்கில் குறைந்தது இரண்டு காலை இருக்க வேண்டும். கஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர், எதிரே நிற்கும். ஆனால் பொழுது விடிந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் மேகம் மூடிவிடும், ஒரே ஒரு நாளை நம்பிப் போனால் ஏமாறலாம். பெமயாங்சே மடாலயமும் பழைய தலைநகரான ரப்தென்சேயின் இடிபாடுகளும் அங்கிருந்து நடக்கும் தூரம். அடுத்து கெச்சியோபால்ரி ஏரி, பிறகு யுக்சம். சிக்கிமின் முதல் மன்னர் 1642-இல் முடிசூட்டிக்கொண்ட ஊர் அது. கடைசியாகத் தாஷிதிங் பார்த்துவிட்டு ஜோர்தாங்குக்கு இறங்கலாம்.

யுக்சம் ஊரோடு உங்கள் சீட்டின் எல்லை முடிகிறது. ஊர் முடியும் இடத்தில் கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவின் பாதை தொடங்கும், ட்சோக்கா, சோங்ரி, கோயேச்சா லா என்று அது ஏறிப் போகும். அந்தப் பாதையில் வெளிநாட்டவர் நடக்க வேறு பெர்மிட், பதிவு பெற்ற ஏஜென்சி, குறைந்தது இரண்டு வெளிநாட்டவர் கொண்ட குழு எல்லாம் வேண்டும். சும்மா கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்று இறங்காதீர்கள்.

இனிப் போக்குவரத்து. இங்கே எல்லாமே ஷேர் ஜீப்தான். சுமோ அல்லது பொலேரோ, டிரைவர் பக்கத்தில் இருவர், நடுவில் நாலு, பின்னால் நாலு, ஆக பத்துப் பேர். கேங்டாக்கில் திசைக்கு ஒரு ஸ்டாண்டு: தெற்கு, மேற்கு சிக்கிம் ஜீப்புகள் நாம்நாங்கிலிருந்து, வடக்குப் பக்கம் போகிறவை வஜ்ரா ஸ்டாண்டிலிருந்து, சிலிகுரி வண்டிகள் தேவ்ராலிப் பக்கமிருந்து. தவறான ஸ்டாண்டுக்குப் பெட்டியோடு போனால் அந்தச் செங்குத்தான ஊரில் அரை மணி நேரம் போய்விடும். ஜீப்புகள் காலையில் கிளம்புகின்றன. சிறிய ஊர்களிலிருந்து ஏழு மணிக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று, அதோடு சரி. மதியத்துக்கு மேல் வண்டியே இல்லாத ஊர்கள் உண்டு. முந்தின நாள் மாலையே ஸ்டாண்டு கவுன்டரில் சீட்டு வாங்கி, எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின் வரிசையில் உயரமானவர்களுக்கு முழங்காலை மடக்க இடம் போதாது, மலைச் சாலையில் குமட்டலும் அங்கேதான் அதிகம். கூடுதலாக ஒரு இருக்கைக்குப் பணம் கொடுத்து இரண்டையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை.

ராவங்லாவிலிருந்து பெல்லிங்குக்கு நேரடி ஜீப் கிடைக்கவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். கெய்சிங் போய் மாறலாம், இல்லாவிட்டால் ஜோர்தாங். மேற்குப் பக்கம் எங்கே மாட்டிக்கொண்டாலும் ஜோர்தாங் போய்விட்டால் அடுத்த வண்டி கிடைத்துவிடும். ஆனால் டார்ஜிலிங்கிலிருந்து நேரே ஜோர்தாங் வழியாகச் சிக்கிமுக்குள் நுழைய நினைத்தால் பெர்மிட்டை முதலிலேயே கையில் வாங்கிக்கொண்டு போங்கள். எல்லையில் கொடுப்பார்கள் என்று நம்பிப் போக வேண்டிய இடங்கள் ரங்போவும் மெல்லியும்தான். திரும்பும்போதும் இந்த இரண்டில் ஒன்றின் வழியாகவே வெளியேறுங்கள், வெளியேற்றப் பதிவு சிரமமில்லாமல் நடக்கும்.

தங்குமிடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "வெளிநாட்டவருக்கு சி படிவம் போடுவீர்களா?" வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அந்தப் படிவத்தை அனுப்ப வேண்டியது விடுதிக்காரரின் கடமை. சிறிய ஹோம்ஸ்டே சிலவற்றில் அந்தப் பதிவு வசதி இருக்காது. புக்கிங்கை உறுதி செய்துவிட்டு, வாசலில் போய் நின்ற பிறகு "இந்தியர்களுக்கு மட்டும்" என்று சொல்வார்கள். தமிழ்ப் பெயரைப் பார்த்து இந்தியர் என்று நினைத்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. புக் செய்யும்போதே பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்று எழுதிவிடுங்கள்.

2025 மார்ச் முதல் சுற்றுலாப் பயணிகளிடம் ஆளுக்கு 50 ரூபாய் மாநிலக் கட்டணம் விடுதியிலேயே வாங்குகிறார்கள். யுக்சம், தாஷிதிங் பக்கம் ஏ.டி.எம்.மை நம்பாமல் கேங்டாக்கிலேயே பணம் எடுத்துவிடுங்கள். 2022 ஜனவரியிலிருந்து சிக்கிமில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் விற்கத் தடை இருப்பதால் சொந்தக் குடுவை அவசியம்.

கேள்வி: ட்சோம்கோ ஏரி, நாதுலா, லாச்சுங், குருதோங்மார். இவற்றில் வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்கள் எதற்குப் போகலாம்? ஏஜென்சியிடம் என்ன கேட்க வேண்டும்?
– கோலாலம்பூர், சிட்னி வாசகர்கள்

பதில்: நாதுலா வேண்டவே வேண்டாம். 4,310 மீட்டர் உயரத்தில் சீன எல்லையில் இருக்கும் அந்தக் கணவாய்க்கு இந்தியக் குடிமக்கள் மட்டுமே போகலாம், அவர்களும் திங்கள், செவ்வாய் தவிர்த்த நாட்களில். ஓ.சி.ஐ. காட்டினாலும் அனுமதி இல்லை. குருதோங்மார் ஏரியும் அப்படியே. லாச்சென் வழியாகத் தாங்கு, சோப்தா பள்ளத்தாக்கு வரைதான் வெளிநாட்டவர் போகலாம். "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று ஒரு ஏஜென்சிக்காரர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தாங்குவைத் தாண்டிய ராணுவச் சோதனையில் உங்களை மட்டும் இறக்கிவிட்டு மற்றவர்கள் ஏரிக்குப் போய்த் திரும்பும்வரை குளிரில் காத்திருக்க வைப்பார்கள். அந்த உயரத்தில் அது விளையாட்டான காரியம் இல்லை.

ட்சோம்கோ ஏரி (3,753 மீட்டர்), லாச்சுங், யும்தாங், லாச்சென் ஆகியவை பி.ஏ.பி. எனப்படும் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதியில் வருகின்றன. இங்கே நீங்களாகப் போக வழியில்லை. சிக்கிம் அரசில் பதிவு பெற்ற ஏஜென்சி, சிக்கிம் எண் பலகை வண்டி, வழிகாட்டி, குறைந்தது இரண்டு வெளிநாட்டவர் இருக்க வேண்டும். சிலிகுரியில் வாடகைக்கு எடுத்த வண்டி கேங்டாக்கோடு நின்றுவிடும். தனியாக வந்தவர்கள் கேங்டாக்கின் எம்.ஜி. மார்க் பகுதி ஏஜென்சிகளில் பெயர் கொடுத்துவிட்டு, இன்னொரு வெளிநாட்டவர் சேரும்வரை ஓரிரு நாள் காத்திருக்கலாம். அக்டோபர், நவம்பரிலும் ஏப்ரலிலும் ஆள் சேர்வது எளிது.

ஆவணங்களை முந்தின நாள் காலையிலேயே கொடுத்துவிடுங்கள்: பாஸ்போர்ட், விசா, ஆர்.ஏ.பி. மூன்றின் நகலும் புகைப்படங்களும். மாலை ஆறு மணிக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் காலை ஏழுக்குக் கிளம்ப முடியாது, அலுவலகம் திறந்து கையெழுத்தாக வேண்டும். பணம் கட்டுமுன் நான்கு விஷயங்களை ரசீதில் எழுதி வாங்குங்கள். வண்டியில் மொத்தம் எத்தனை பேர்? பெர்மிட்டில் எந்தெந்த இடங்களின் பெயர் வரும்? அறையில் வெந்நீர் உண்டா? சாலை மூடினால் பணத்தில் எவ்வளவு திரும்பி வரும்? கடைசிக் கேள்விதான் இப்போது பெரியது. 2023 அக்டோபரில் தெற்கு லோனக் பனியேரி உடைந்து தீஸ்தாவில் வந்த வெள்ளம் சுங்தாங் அணையையே அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு வடக்குச் சாலையும் பாலங்களும் மழைக்காலத்தில் அடிக்கடி முடங்குகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை வட சிக்கிமுக்குத் தேதி குறிப்பதே வீண். திரும்பும் விமானத்துக்கும் வடக்குப் பயணத்துக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

மதுரை வாசகருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. நீங்கள் இருவரும் நாதுலா போகலாம், உங்கள் மகள் குடும்பம் போக முடியாது. ஒரே வண்டியில் போனால் எல்லோரும் ட்சோம்கோவோடு திரும்ப வேண்டியிருக்கும். தனித்தனி வண்டி, தனித்தனி நாள் என்று முன்பே பேசி வைத்தால் மலையில் வருத்தம் வராது. உங்களுக்கு அடையாளச் சான்றாக வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ எடுத்துப் போங்கள்.

கேள்வி: நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டேன், ஆனால் பழைய ஆதார் அட்டை கையில் இருக்கிறது. அதைக் காட்டி இந்தியருக்கான பெர்மிட் எடுத்தால் என்ன?
– டல்லாஸ் வாசகர்

பதில்: செய்யாதீர்கள். ஆதார் இந்தியாவில் வசிப்பதற்கான அடையாளம், குடியுரிமைச் சான்று அல்ல. இந்தியர் என்று பொய்யாக எழுதிக் கொடுத்து எல்லைப் பகுதிக்குள் போனதாகப் பதிவானால் உங்கள் ஓ.சி.ஐ.யே ரத்தாகலாம். உண்மையான பெர்மிட் இலவசமாகக் கிடைக்கும்போது இந்த விஷப்பரீட்சை எதற்கு? அதே போல் பாகிஸ்தான், சீனா, ஆப்கானிஸ்தான் குடிமக்களுக்கும் அந்த நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கும் விதி வேறு, உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். உங்கள் குழுவில் அப்படி ஒரு நண்பர் இருந்தால் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். செக்போஸ்டில் பேசிச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: மகன் ஜெர்மனிக் குடிமகன். ஜூலையில் தனியாக மணாலியிலிருந்து மோட்டார் சைக்கிளில் லே போய், நுப்ரா, பாங்கோங் சுற்றப் போகிறான். என்னென்ன பெர்மிட்?
– கோவை வாசகி

பதில்: லே நகரம், மணாலி–லே சாலை, ஸ்ரீநகர்–கார்கில்–லே சாலை, லாமாயுரு, ஜான்ஸ்கர் இவற்றுக்கு வெளிநாட்டவருக்குப் பெர்மிட் இல்லை. அடல் சுரங்கம் வழியாகப் போனால் ரோஹ்தாங் கணவாய்ச் சீட்டும் தேவையில்லை. நுப்ரா, பாங்கோங், ட்சோ மோரிரி, தா–ஹனு இந்த நான்குக்கும் பி.ஏ.பி. வேண்டும். அதை லேயில் உள்ள பதிவு பெற்ற ஏஜென்சி மூலம்தான் எடுக்க முடியும். பெர்மிட்டில் குறைந்தது இருவர் பெயர் வேண்டும் என்பதே விதி. லே கடைவீதியில் ஏஜென்சிகளின் கண்ணாடியில் "பாங்கோங்குக்கு இருவர் தேவை" என்பது போன்ற காகிதங்கள் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து உண்மையிலேயே துணை சேர்த்துக்கொள்வது நல்லது. முகம் தெரியாத ஒருவரின் பெயரோடு சேர்த்து பெர்மிட் எடுத்துக்கொடுக்கும் ஏஜென்சிகளும் உண்டு. அந்த இன்னொருவர் எங்கே என்று சோதனைச் சாவடியில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் உங்கள் மகன்தான்.

பெர்மிட்டை ஐந்தாறு ஜெராக்ஸ் எடுத்து வைக்கட்டும், ஒவ்வொரு சாவடியிலும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். நுப்ராவின் கிராமத்தில் ஜெராக்ஸ் கடை தேடி அலைய முடியாது.

இன்னொரு சிக்கல் பெர்மிட்டைச் சேர்ந்ததல்ல, ஆனால் பணத்தை அதிகம் கரைப்பது இதுதான். மணாலியில் வாடகைக்கு எடுத்த பைக்கில் லே வரை போகலாம். அதே பைக்கில் நுப்ராவுக்கோ பாங்கோங்குக்கோ போக லே வாடகை வண்டிச் சங்கத்தினர் விடுவதில்லை, வழியில் மறித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். எனவே மணாலி பைக்கை லேயில் நிறுத்திவிட்டு, உள்ளூர் பைக் ஒன்றை எடுக்க வேண்டியிருக்கும். பட்ஜெட்டில் இரண்டு வாடகையையும் போடுங்கள். மோட்டார் சைக்கிளுக்குச் செல்லும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். கார் ஓட்ட மட்டும் அனுமதிக்கும் உரிமத்தோடு வந்து விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைக்காது. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும் அல்லது லேயில் உள்ளூர் சிம் வாங்க வேண்டும். லே 3,500 மீட்டர் உயரம். சேர்ந்த முதல் இரண்டு நாள் ஓய்வு. கர்துங் லா 5,300 மீட்டருக்கு மேல். தலைவலியோடு அதில் ஏறக் கூடாது, இறங்குவதே மருந்து.

கேள்வி: சிங்கப்பூர் பாஸ்போர்ட்டோடு தவாங் போகலாமா? டிசம்பரில் நாகாலாந்து ஹார்ன்பில் திருவிழாவும் பார்க்க ஆசை.
– சிங்கப்பூர் தம்பதி

பதில்: தவாங் போகலாம், ஆனால் தனியாக அல்ல. அருணாச்சலுக்குள் வெளிநாட்டவருக்கு பி.ஏ.பி. கட்டாயம். மாநிலத்தில் பதிவு பெற்ற சுற்றுலா நிறுவனம் மூலம்தான் கிடைக்கும், ஆளுக்கு 50 டாலர் கட்டணம், 30 நாள் வரை செல்லும். நீங்கள் இருவர் என்பதால் குழு எண்ணிக்கையில் பிரச்சினை இல்லை. பெர்மிட்டில் எந்த வழியாக நுழைந்து எந்த ஊர்களைப் பார்க்கிறீர்கள் என்று எழுதியிருக்கும். அதில் இல்லாத ஊருக்கு வண்டியைத் திருப்ப முடியாது. எனவே திராங், போம்திலா, தவாங் மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா என்று கவுகாத்தியிலேயே சரிபாருங்கள். பாலுக்போங் வாயிலில் முதல் சோதனை. தவாங்கைத் தாண்டிய பும் லா கணவாய் வெளிநாட்டவருக்குக் கிடையாது. சேலா கணவாய் 4,170 மீட்டர். 2024 மார்ச்சில் சுரங்கப்பாதை திறந்த பிறகு பனிக்காலத்திலும் போக்குவரத்து ஓரளவு சீராக இருக்கிறது. உங்களோடு வரும் சென்னை உறவினர்களுக்கு வேண்டியது ஐ.எல்.பி. எனப்படும், இந்தியர்களுக்கான நுழைவு அனுமதி, அதை அவர்களே இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

நாகாலாந்து பற்றிப் பழைய பயணக் குறிப்புகளை நம்பாதீர்கள். நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் மூன்றுக்கும் பல ஆண்டுகளாக இருந்த தளர்வை மத்திய அரசு 2024 டிசம்பரில் விலக்கிக்கொண்டது. இப்போது வெளிநாட்டவருக்கு அங்கேயும் பி.ஏ.பி. வேண்டும். டிசம்பர் 1 முதல் 10 வரை நடக்கும் திருவிழாவுக்கு அக்டோபரிலேயே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள். இதெல்லாம் வேண்டாம், வடகிழக்கைச் சுதந்திரமாகப் பார்த்தால் போதும் என்றால் அசாமும் மேகாலயாவும் இருக்கின்றன. அங்கே பெர்மிட் எதுவும் இல்லை.

கேள்வி: சென்னையிலிருந்து அந்தமான் போகிறோம், என் மனைவி மலேசியக் குடிமகள். அனுமதி வேண்டுமா?
– சென்னை வாசகர்

பதில்: போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் போன்ற வழக்கமான சுற்றுலாத் தீவுகளுக்கு 2018 முதல் ஆர்.ஏ.பி. தேவையில்லை. விமான நிலையத்தில் பாஸ்போர்ட் விவரத்தைப் பதிவார்கள், அவ்வளவுதான். போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், டிக்கெட்டில் எதைப் பார்த்தாலும் குழம்ப வேண்டாம். நிக்கோபார் தீவுகளுக்குச் சுற்றுலாவாகப் போக முடியாது. பாராடாங் போகும் சாலை ஜாரவா மக்களின் காட்டின் நடுவே செல்கிறது. ஜிர்காடாங்கிலிருந்து குறித்த நேரத்தில் வண்டிகளைச் சேர்த்து அணியாக அனுப்புவார்கள். நடுவில் நிறுத்துவதும் படமெடுப்பதும் எதையாவது வெளியே நீட்டுவதும் குற்றம். இது சம்பிரதாய விதி அல்ல. வெளியாரின் ஒரு சளிக் காய்ச்சல் அந்தச் சிறிய சமூகத்தையே சாய்த்துவிடக்கூடும். கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

கேள்வி: மலையேற்றத்தில் அவசரத்துக்கு உதவும் என்று செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வைத்திருக்கிறேன். கொண்டு வரலாமா? டிரோன்?
– மெல்போர்ன் வாசகர்

பதில்: இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியோ செய்தி அனுப்பும் கருவியோ வைத்திருப்பது குற்றம். விமான நிலையப் பைச் சோதனையில் பிடிபட்டு வெளிநாட்டு மலையேறிகள் கைதாகியிருக்கிறார்கள். கார்மின் இன்ரீச் போன்றவையும் இதில் அடங்கும். ஜி.பி.எஸ். காட்டும் சாதாரணக் கைக்கடிகாரத்துக்குப் பிரச்சினை இல்லை, செய்தி அனுப்பும் வசதி இருக்கிறதா என்பதே கேள்வி. உங்கள் பையில் பழைய கருவி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கிளம்புமுன் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். டிரோனை எல்லைப் பகுதியில் பறக்கவிட்டால் கருவியும் போகும், பயணமும் போகும். அவசரத் தொடர்புக்கு, உங்கள் வழித்தடத்தையும் திரும்பும் தேதியையும் விடுதியிலும் ஏஜென்சியிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சாவடிப் பதிவேட்டில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் தெளிவாக எழுதப்படுகிறதா என்றும் பாருங்கள். மலையில் ஒருவர் திரும்பி வரவில்லை என்றால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான்.